இரும்பு ராட்சசன்

ராட்சசர்கள் விஷயத்தில் எனக்குச் சிறு வயது முதலே ஒரு பட்சபாதம் உண்டு. என் பாட்டி இராமாயணம் சொல்லும்போது கும்பகர்ணன் வருகிற இடத்தில் மட்டும் நான் தூங்க மாட்டேன். இராமன் வில்லை ஒடித்ததைக் காட்டிலும், கும்பகர்ணன் வண்டி வண்டியாகச் சோறு தின்றதுதான் எனக்குப் பெரிய சாதனையாகத் தோன்றிற்று. ஆகவே, ராட்சசக் கதை என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஆசாமி நான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இருந்தாலும், நாற்பத்தாறு வயதில், நாலைந்து நாவல்களை எழுதிக் கொஞ்சம் பேரும் கொஞ்சம் வயிற்று வலியும் சம்பாதித்துக்கொண்ட பிறகு, ஜப்பான் தேசத்துச் சித்திரப் படம் ஒன்றில் இரும்பு ராட்சசன் வாளைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது ஜோசியன் சொல்லியிருந்தால், அவனுக்குத் தட்சிணை கொடுக்காமல்தான் அனுப்பியிருப்பேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் ஒரு கணக்குப் பரீட்சை.

என் பையனுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. அரைப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிக்கொண்டு வந்தான். நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இரவு, அவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று எண்ணி அறைக்குள் எட்டிப் பார்த்தால், மடிக்கணினியில் இரண்டு இரும்பு மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையாண்டான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ கேட்டேன். அவன் ஏதோ பதில் சொன்னான். மரியாதைக் குறைவான பதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அப்படிப் பட்டது. கையை ஓங்கினேன். ஓங்கின கை இறங்கிவிட்டது. ஒன்றல்ல, இரண்டு அறை.

பையன் அழவில்லை. கணினியை மெதுவாக, சத்தம் வராமல் மூடினான். மேஜை மேல் கிடந்த புத்தகங்களை நேராக அடுக்கினான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அவன் கதவைப் படீரென்று சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் புத்தகங்களை அடுக்கினானே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவனுடைய பாஷை மூன்று சொற்களாகச் சுருங்கிவிட்டது. "ம்", "சரிப்பா", "வேண்டாம்ப்பா." எதிலும் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டால் வந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். ஒரு நல்ல ஹோட்டலில் சிப்பந்தி எப்படி நடந்துகொள்வானோ அப்படி நடந்துகொண்டான். இப்படிப் பதினொரு நாள்.

பதினோராம் நாள் என் மனைவி காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஊரார் வீட்டுப் பிள்ளைங்க மனசில என்ன இருக்குன்னு முந்நூறு பக்கம் எழுதறீங்க. இந்த வீட்டில ஒரு பிள்ளை இருக்கான்" என்றாள். இதற்கு மேல் ஒரு விமரிசகன் என்ன சொல்லிவிட முடியும்?

அன்று இரவு அவன் அறைக் கதவைத் தட்டினேன். "அந்தப் படத்தை நானும் பார்க்கலாமா?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், நான் போனது சமாதானத்துக்கு அல்ல. குற்றவாளி யார் என்று நேரில் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டும் என்கிற நீதிபதி மனோபாவம்தான் எனக்கு. பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். அவன் ஏற்கெனவே இருபது பகுதிகளுக்கு மேல் பார்த்து முடித்திருந்தான். ஆனால் எனக்காக முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தான்.

படத்தின் பெயர் 'மொபைல் சூட் கண்டம்'. நம் ஊர் ஜோசியத்தில் ஜலகண்டம், அக்கினிகண்டம் என்று உண்டல்லவா? இது இரும்புக் கண்டம் போலிருக்கிறது என்று நான் ஹாஸ்யமாகச் சொன்னேன். பையன், "ம்" என்றான்.

இந்தத் தொடர் நேற்று வந்ததல்ல. 1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை மாலை, நகோயா டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. டைரக்டர் யோஷியுகி டோமினோ. ஜப்பானில் இரும்பு ராட்சசக் கதைகளுக்கு அதற்கு முன்பே ஒரு வம்சாவளி உண்டு. மிட்சுதெரு யோகோயாமா என்பவர் 1956-ல் ஒரு பையன்கள் பத்திரிகையில் 'டெட்சுஜின் 28' என்று ஒரு சித்திரக் கதை ஆரம்பித்தார். யுத்தத்தில் ஜெயிப்பதற்காக ராணுவம் ரகசியமாகச் செய்த இருபத்தெட்டாவது இரும்பு மனிதன், யுத்தம் முடிந்த பிறகு ஒரு சிறுவன் கைக்கு வந்து சேருகிறான். சிறுவன் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து அவனை ஆட்டுவிப்பான். 1972-ல் கோ நகாய் படைத்த 'மஜிங்கர் ஸெட்' வந்தது. இதில் பையன் தூரத்தில் நிற்கவில்லை. ராட்சசனின் தலைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் புதுப் புது ராட்சசர்கள். வாரம் ஒரு கெட்டவன், வாரம் ஒரு வெற்றி, கடையில் வாரம் ஒரு பொம்மை.

இதையெல்லாம் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் நான் எதிர்பார்த்ததும் இப்படிப்பட்ட சரக்கைத்தான். ராட்சசனுக்கு வெள்ளை உடம்பு. மார்பில் நீலம், வயிற்றில் சிவப்பு, அங்கங்கே மஞ்சள். திருவிழாக் கடைப் பொம்மை வர்ணம். நீதிபதி மனத்துக்குள் தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டார்.

ஆனால் கதை ஆரம்பிக்கிற விதம் வேறாக இருந்தது. மனிதர்கள் வானவெளியில் பெரிய பெரிய உருளைகளைக் கட்டி அதற்குள் ஊர் அமைத்துக் குடியேறியிருக்கிறார்கள். உருளை சுற்றுவதால் உள்ளே நிற்பவர்களுக்குக் கனம் உண்டாகிறது. வயல் உண்டு, வீடு உண்டு, மேகம்கூட உண்டு. இது வெறும் கற்பனை அல்ல. ஜெரார்டு ஓ'நீல் என்ற அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் 1970-களில் கணக்குப் போட்டுக் காட்டிய திட்டம்தான். அந்த உருளை நாடுகளில் ஒன்று, ஜியோன் என்று பெயர் வைத்துக்கொண்டு, பூமிக்கு எதிராகச் சுதந்திர யுத்தம் தொடங்குகிறது. ஒரு மாதத்தில் இரு தரப்பிலும் பாதி ஜனங்கள் மாண்டுபோகிறார்கள். தாங்கள் செய்ததைக் கண்டு தாங்களே நடுங்கி, இரு தரப்பாரும் எட்டு மாதமாக முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நிற்கிறார்கள்.

கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதி மனித குலம் செத்தபிறகு! சிறு பிள்ளைகளுக்காக, சனிக்கிழமை மாலையில், பொம்மை விற்பதற்காக எடுத்த கதையை இப்படி ஆரம்பிக்க ஒருவருக்குத் துணிச்சல் வந்ததே என்று எனக்கு முதல் தடவையாக ஆச்சரியம் உண்டாயிற்று. 1945-ல் யுத்தம் முடிந்தபோது டோமினோவுக்கு நாலு வயது நிரம்பவில்லை. எரிந்துபோன ஊர்களுக்கு நடுவே வளர்ந்த தலைமுறை அது. அந்த வருஷம் ஒகினாவாத் தீவில் பதினாலு முதல் பதினேழு வயது வரையிலான பள்ளிக்கூடப் பையன்களைப் படையில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. இந்த விவரம் தெரிந்த பிறகு, 'பையன் இயந்திரத்தில் ஏறுகிறான்' என்கிற சமாசாரத்தை என்னால் விளையாட்டாக நினைக்க முடியவில்லை.

கதாநாயகன் அமுரோ ரே. வயது பதினைந்து. நாம் அவனை முதல் முதலாகப் பார்க்கும்போது அவன் வீரச் செயல் ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை. உள்ளாடையோடு உட்கார்ந்து ஏதோ இயந்திரத்தைக் குடைந்துகொண்டிருக்கிறான். சாப்பாடு தொடாமல் ஆறிக் கிடக்கிறது. ஊரைக் காலி செய்யச் சொல்லி அபாயச் சங்கு ஊதுவதுகூட அவன் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஃபிரா வந்து திட்டி, உடை மாற்ற வைத்து, இழுத்துக்கொண்டு போகிறாள். நான் ஓரக் கண்ணால் என் பையனைப் பார்த்தேன். அவன் மேஜை மேல் இரவுச் சாப்பாட்டுத் தட்டு பாதி தீர்ந்து இருந்தது.

அமுரோவின் தகப்பனார் ராணுவ இன்ஜினீயர். 'கண்டம்' என்கிற அந்த வெள்ளை ராட்சசனை உருவாக்குகிறவரே அவர்தான். அவர் வருகிற முதல் காட்சி என் மனத்தில் தைத்துவிட்டது. கப்பலில் தன் அறையில், மேஜை மேல் இருக்கும் மகனுடைய படத்தைப் பார்க்கிறார். உள்ளே வந்த இளம் அதிகாரியிடம், இந்த வயதுப் பிள்ளைகளெல்லாம் யுத்தத்தில் சண்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே, நிஜமா என்று விசாரிக்கிறார். கண்டம் தயாராகிவிட்டால் சிறுவர்கள் சண்டைக்குப் போகாமலே யுத்தம் முடிந்துவிடும் என்கிறார். மகன் மேல் பிரியம் இல்லாத மனிதர் அல்ல. பிரியத்தினால்தான் இரவு பகலாக வேலை செய்கிறார். வேலை செய்வதால் வீட்டுக்கு வருவதில்லை.

அரை மணி நேரம் கழிந்து, குண்டுகள் விழுகிற இடத்தில் தகப்பனும் பிள்ளையும் சந்திக்கிறார்கள். ஜனங்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தகப்பனார், முதலில் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றுங்கள் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். மனிதர்களைவிட இயந்திரம் உங்களுக்குப் பெரிதா என்று பிள்ளை கேட்கிறான். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

எனக்கு எதிரே இருந்தவை இயந்திரங்கள் அல்ல, கைப்பிரதிகள். ஆனால் கேள்வி எனக்கும் பொருந்தாமல் இல்லை.

ஃபிராவின் தாயும் தாத்தாவும் அவள் கண்ணெதிரே இறந்துபோகிறார்கள். அமுரோ அவளைக் கப்பலுக்கு ஓடச் சொல்லிவிட்டு, கீழே கிடைத்த குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராட்சசனுக்குள் ஏறுகிறான். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் அதை எழுந்து நிற்க வைக்கிறான். எதிரியின் பச்சை நிற இயந்திரம் ஒன்றை வெட்டுகிறான். அது வெடிக்கிறது. இதுவரை எல்லா ராட்சசக் கதைகளிலும் இந்த இடத்தில் ஜயபேரிகை முழங்கும். இங்கேயோ, வெடித்த வேகத்தில் உருளை நாட்டின் சுவரில் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கிற காற்று வெளியே சீறுகிறது. காற்றோடு சேர்ந்து அமுரோவின் தகப்பனாரும் வெட்டவெளிக்குள் இழுத்துச் செல்லப்படுகிறார். பிள்ளை அடைந்த முதல் வெற்றியின் பலன், தகப்பன் போனது. பிள்ளைக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

"அவருக்கு என்ன ஆச்சு? செத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"பொறுங்கப்பா" என்றான் பையன். பதினொரு நாளுக்குப் பிறகு அவன் பாஷையில் நான்காவது சொல் சேர்ந்தது.

அதற்குப் பிறகு தினம் இரண்டு பகுதி என்று ஏற்பாடாயிற்று. ஒரு பகுதி அரை மணிக்கும் குறைவு. முதலில் படிப்பு, பிறகு படம். முழுத் தொடர் நாற்பத்து மூன்று பகுதிகள். இதை எழுதுகிறபோது நான் பதின்மூன்றுதான் பார்த்திருக்கிறேன். முழுவதும் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. சித்திரங்கள் சில இடங்களில் அவசரக் கோலம். ஒரே காட்சியை வெட்டி ஒட்டி மறுபடியும் காட்டுகிறார்கள். வாராவாரம் புது இயந்திரமோ புது எதிரியோ வந்தாக வேண்டும் என்கிற நிர்ப்பந்தம் தெரிகிறது. இத்தனை முன்னேறின காலத்தில் எதற்காக இரும்பு மனிதர்கள் கைகலந்து சண்டை போட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: மினோவ்ஸ்கி என்கிற துகள்களைப் பரப்பிவிட்டால் ரேடார் குருடாகிவிடுமாம், அதனால் கண்ணால் பார்த்துத்தான் சண்டை போட முடியுமாம். கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரித் தந்திரங்கள் உடனே புரிந்துவிடும். நானும் இப்படி எத்தனையோ மினோவ்ஸ்கித் துகள்களைத் தூவியிருக்கிறேன். எனவே மன்னித்தேன்.

ஆனால் குறைகளை மறக்கச் செய்யும் இடங்கள் அநேகம். முதல் நாள் அந்த ஊரைத் தாக்க யாரும் உத்தரவிடவில்லை. வேவு பார்க்க வந்த மூன்று பேரில் ஒரு சிப்பாய், தானும் ஏதாவது சாதித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று மேலதிகாரி தடுத்தும் கேளாமல் சுட ஆரம்பிக்கிறான். அத்தனை அழிவுக்கும் காரணம் ஒரு சிறிய உத்தியோகஸ்தனின் பதவி ஆசை. நம்முடைய ஆபீஸ்களில் இந்த ஆளைத் தினமும் பார்க்கிறோம்; துப்பாக்கி இல்லாததால் பிழைத்தோம்.

எட்டாவது பகுதியில் ஒரு தாயும் சிறு பிள்ளையும் வருகிறார்கள். சொந்த ஊருக்குப் போக வேண்டுமென்று கப்பலிலிருந்து இறங்கி வெட்டவெளியில் நடக்கிறார்கள். மேலே பறந்து வேவு பார்க்கிற எதிரிச் சிப்பாய்கள் இருவர் அவர்களைக் கண்டு இரங்கி, உணவுப் பொட்டலம் போடுகிறார்கள். கடைசியில் அந்தத் தாய், 'என் ஊர் எங்கே?' என்று அவர்களிடமே கேட்கிறாள். இதுதான் அம்மா அந்த ஊர் இருந்த இடம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சுற்றிலும் ஒன்றும் இல்லை. ஊரை அழித்ததும் அவர்கள் தரப்புதான். சோறு போட்டதும் அவர்கள்தான். இராட்சசர்கள் பக்கத்திலும் ஒரு கும்பகர்ணன், ஒரு விபீஷணன் இருந்தார்கள் என்று நம்முடைய பெரியவர்கள் சொல்லி வைத்ததன் அருமை அப்போது எனக்குத் தெரிந்தது.

அன்று இரவு எட்டாவது பகுதி முடிந்ததும் பையன், "போதும்ப்பா. நாளைக்கு நேரா பத்தாவது பார்த்துக்கலாம். ஒன்பதாவது அவ்வளவு நல்லா இருக்காது" என்றான்.

நான் விடுவேனா? "நாவலாசிரியன்கிட்டே வந்து அத்தியாயத்தைத் தாண்டுன்னு சொல்றியே! போடு ஒன்பதாவதை" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் போட்டான்.

கப்பலின் காப்டன் காயம்பட்டு இறந்துபோனதால், முதல் பகுதியில் தகப்பனாரோடு பேசினானே, அந்த இளம் அதிகாரி பிரைட் நோவாதான் இப்போது தலைவன். அவனுக்கு வயது பத்தொன்பது. அமுரோ தினம் தினம் சண்டைக்குப் போய்ப் போய்ச் சோர்ந்து, இனி ஏற மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். வெளியே எதிரி. கப்பலில் அகதிகள், குழந்தைகள். பிரைட் வந்து எழுந்திரு என்கிறான். இவன் எழுந்திருக்கவில்லை. பிரைட் கன்னத்தில் அறைகிறான். பிறகு இன்னொரு தடவை அறைகிறான். அமுரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை அடித்துவிட்டாயே, என் அப்பாகூட என்னை அடித்ததில்லையே என்று கத்துகிறான்.

அறையில் அந்தக் குரல் எங்கேயெல்லாம் பட்டுத் திரும்பிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பகுதியை நான் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று அவன் முயன்றிருக்கிறான். எனக்கு வலிக்கும் என்று! அடி வாங்கினவன் அவன்.

அடி வாங்காமல் எவன் மனிதனானான் என்று பிரைட் பதிலுக்குக் கேட்கிறான். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்கிற நம் ஊர்ப் பழமொழியைத்தான் ஜப்பான்காரர் அவன் வாயில் வைத்திருக்கிறார். அமுரோவும் கடைசியில் எழுந்து போகிறான், சண்டை போடுகிறான். அடி பலித்துவிட்டது என்று ஒருவர் வாதாடலாம். என் தகப்பனார் விசிறிக் காம்பால் என்னை அடித்ததைப் பற்றி நானே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அடித்த கையே பிறகு தலையைத் தடவிக் கொடுத்தது என்று முடித்திருந்தேன். வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். தலையைத் தடவிக் கொடுத்தது கதையில்தான், வீட்டில் இல்லை. அதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரைட் ஏன் அடித்தான்? அவனுக்கே பத்தொன்பது வயது. கப்பல் நிறைய உயிர்கள் அவன் தலையில். அவனுக்கு யாரும் வேறு வழி சொல்லிக்கொடுக்கவில்லை, பயத்தில் அடித்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. எந்த எதிரி என் வாசலில் நின்றான்? எந்தக் கப்பல் மூழ்கிற்று? நாற்பத்தொன்று மார்க்கில் ஒருவரும் செத்துப்போகவில்லை. அப்படியானால் நானும் ஏதோ பயத்தில்தான் அடித்திருக்க வேண்டும். இவன் முன்னுக்கு வராமல் போய்விடுவானோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயம். அதை அவனுடைய நன்மை என்று பெயர் மாற்றிக்கொண்டேன்.

இவ்வளவும் தெரிந்தும், மறுநாள் காலையில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கதாபாத்திரங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொடுக்கிறவனுக்குத் தன் வசனம் மட்டும் வரவில்லை. இரவு வந்ததும், "பத்தாவது போடு" என்றேன். கோழைத்தனந்தான்.

நடுவில் இந்தத் தொடருக்கு நேர்ந்த கதியைப் படித்துத் தெரிந்துகொண்டு அதை அவனுக்குச் சொன்னேன். மொத்தம் ஐம்பத்திரண்டு பகுதிகளுக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் குறைவு, பொம்மை விற்பனையும் விளம்பரதாரருக்குத் திருப்தியில்லை. நாற்பத்து மூன்றோடு முடித்துக்கொள்ளும்படி ஆயிற்று. 1980 ஜனவரி 26-ல் கடைசிப் பகுதி. வாரத் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். 'இன்னும் நாலு வாரத்தில் கல்யாணத்தை முடித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடமிருந்து செய்தி வரும். நாம் இன்னும் பெண்ணையே பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அதே வருஷம் ஜூலையில் பாண்டாய் கம்பெனி, ஒட்டிப் பொருத்துகிற பிளாஸ்டிக் கண்டத்தை 300 யென் விலைக்குக் கடைக்கு அனுப்பிற்று. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மறு ஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்தது. 1981-லும் 1982-லும் கதையைத் தொகுத்து மூன்று சினிமாப் படங்களாக வெளியிட்டார்கள். கதையில் சொல்லியிருக்கிற அதே பதினெட்டு மீட்டர் உயரத்தில், கை காலை அசைக்கும் கண்டம் ஒன்று யோகோஹாமாத் துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நின்றது. முதல் தடவை எழுதினபோது தோற்றுப்போன கதைதான்.

"அப்ப கம்மி மார்க் வாங்கினதுதான், பின்னாடி பெரிசா ஆச்சு" என்றான் பையன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன்.

பதின்மூன்றாவது பகுதியில் அமுரோ தன் தாயைத் தேடிச் சொந்த ஊருக்குப் போகிறான். தகப்பனாரோடு வான்வெளிக்குப் போன பிள்ளை. தாய் பூமியிலேயே தங்கிவிட்டவள். அவள் அகதிகள் முகாமில் சேவை செய்துகொண்டிருக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். அந்தச் சமயத்தில் எதிரிச் சிப்பாய்கள் சோதனை போட வருகிறார்கள். நோயாளியைப் போல அவனைப் படுக்கவைத்துப் போர்வையைப் போர்த்துகிறாள். சிப்பாய் போர்வையை விலக்கப் போகிறான். போர்வைக்குள்ளிருந்தே அமுரோ சுடுகிறான். பெற்றவள் கண்ணெதிரே.

அந்தத் தாய்க்குத் தாங்கவில்லை. அந்த ஆளுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குமே என்கிறாள். நீ இப்படியா ஆகிவிட்டாய் என்று அழுகிறாள். யுத்தம் அம்மா, நான் என்ன செய்ய என்கிறான் பிள்ளை. இருவர் சொல்வதும் நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போதுதான் கதை நிஜமாகக் கனக்கிறது.

கடைசியில் கப்பல் வருகிறது. புறப்படுகிற நேரம். தாய் ஒரு வார்த்தைக்காகக் காத்து நிற்கிறாள். அமுரோ அவளைக் கட்டிக்கொள்ளவில்லை; காலில் விழவில்லை; கோபித்துக்கொள்ளவும் இல்லை. நிமிர்ந்து நின்று, மேலதிகாரிக்கு வைப்பதுபோல் ஒரு ஸல்யூட் வைக்கிறான். சௌக்கியமாக இருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறான். தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறாள்.

எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. அந்த ஸல்யூட்டை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? பதினொரு நாள் என் வீட்டில் பார்த்தேன். "ம்", "சரிப்பா", "வேண்டாம்ப்பா." நேராக அடுக்கின புத்தகங்கள். சத்தமில்லாமல் மூடின கணினி. பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் திரும்பி வந்துவிடுவார்கள். மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால் பெற்றவர்கள் பயப்பட வேண்டும்.

படம் முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நான் அடிச்சது தப்புடா" என்றேன். எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவுதான்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு "ம்" என்றான். அது பழைய "ம்" அல்ல. எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். காதுக்கு வித்தியாசம் தெரிந்தது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்காப்பா?" என்று கேட்டான்.

"பிடிச்சிருக்கு. இன்னும் எத்தனை பாக்கி?"

"முப்பது."

நாற்பத்து மூன்றில் பதின்மூன்று போனால் முப்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.